தோளுக்கும் வயிற்றுக்கும் நடுவே

கயல்விழி முதன்முதலில் அந்த மருத்துவமனைக்கு வந்தபோது அவள் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை இருந்தது. வலது புஜத்தில், சேலைத் தலைப்பை இழுத்து மூடியிருந்த இடத்தில், இன்னும் சிவப்பு மாறாத நீளத் தழும்பு. தசையில் முளைத்த புற்றுக்கட்டி. சென்னையில் ஒருமுறை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்திலேயே மறுபடி முளைத்தது, மறுபடி வெட்டினார்கள். இந்தத் தடவை ஓரங்களில் புற்றுச் செல்கள் மிச்சம் இருப்பதாகப் பரிசோதனை சொன்னது. கதிர்வீச்சு கொடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்த முறை தோளோடு கையை எடுக்கும்படி ஆகிவிடும் என்று சொல்லி, வீட்டுக்குப் பக்கத்திலேயே வசதி இருக்கிறதே என்று திருத்தணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவளும் புருஷன் பங்காருவும் அம்மையார்குப்பத்துக்காரர்கள். வீட்டை ஒட்டிய ஷெட்டில் நாலு விசைத்தறி ஓட்டினார்கள். பங்காரு அவளுக்குத் தாய்மாமன் மகன். சின்ன வயதிலிருந்தே 'பாவா' என்று கூப்பிட்டு வளர்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே கூப்பிட்டாள். இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாதம் தாண்டாமல் கலைந்துபோயிருந்தது. இந்தப் பிள்ளைதான் தங்கியது. தங்கிய பிறகுதான் கட்டி மறுபடி முளைத்திருப்பது தெரிந்தது.

கதிர்வீச்சுப் பிரிவின் தலைமை மருத்துவர் தீனதயாளன் நிதானமானவர். பிரசவம் வரை காத்திருப்பது ஒரு வழி, அதற்குள் நோய் காத்திருக்குமா என்பது தெரியாது என்றார். இன்னொரு வழி ஒன்று இருக்கிறது என்று அவர் ஆரம்பித்ததுமே கயல்விழி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அத மட்டும் சொல்லாதீங்க சார்."

அவர் அதைச் சொல்லவில்லை. அறைக்கு வெளியே வந்து, "தேவி, நீதான் சொல்லணும். இந்தக் குழந்தைக்கு எவ்வளவு போகும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது தேவிப்பிரியாவை. அந்தப் பிரிவின் இயற்பியலாளர் அவள். நோயாளிகள் எல்லோரும் அவளை டாக்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேலை நோயாளிகளோடு அல்ல, இயந்திரத்தோடு. அது எவ்வளவு கதிரை, எந்த ஆழத்துக்கு, எந்தப் பக்கம் அனுப்புகிறது என்று அளந்து, அளந்ததற்குப் பொறுப்பேற்றுக்கொள்வது.

பொருளுக்குள் பாயும் எலக்ட்ரான்கள்தான் அவளுடைய படிப்பு. கல்லூரி முடித்து, சென்னையில் முனைவர் பட்டத்துக்கு மூன்று வருஷம் உழைத்தாள். வானத்திலிருந்து வரும், நினைத்துப் பார்க்க முடியாத ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்கள் அடர்ந்த பொருளுக்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்பது அவள் எடுத்த விஷயம். எலக்ட்ரான் ஓர் அணுக்கருவின் பக்கமாகப் போகும்போது இழுபட்டுத் திரும்புகிறது. திரும்பும்போது தன் ஆற்றலில் ஒரு பங்கை ஒளியாக உதிர்க்கிறது. மிக அதிக ஆற்றலில் அந்த உதிர்வு ஒரே புள்ளியில் முடிந்துவிடுவதில்லை, அதற்குக் கொஞ்ச தூரம் தேவைப்படுகிறது. அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் மற்ற அணுக்கள் அதைத் திரும்பத் திரும்ப இடித்துத் திருப்பினால், உதிர வேண்டிய ஒளியில் பாதி உதிராமலே போய்விடும். இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாட்டு நேரம் தெரியாது. அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆய்வை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். மருத்துவ இயற்பியல் படித்து இந்த வேலையில் சேர்ந்தாள். அப்பா காலமான பிறகும் அவள் திரும்பிப் போகவில்லை.

மருத்துவமனை இயந்திரத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் அந்த வானத்து எலக்ட்ரான்களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் செய்வது அதே காரியம். வழக்கமான நோயாளிகளுக்கு அவற்றை டங்ஸ்டன் தகட்டில் மோதவிடுவார்கள். கனமான அணுக்களிடம் இழுபட்டுத் திரும்பி அவை உதிர்க்கும் எக்ஸ் கதிர்தான் மருந்து. தோலை ஒட்டிய நோய்க்கு அந்தத் தகட்டை விலக்கிவிட்டு எலக்ட்ரான்களையே உடம்பின்மேல் விழவிடலாம். இரண்டு மூன்று விரற்கடை ஆழம் போய் நின்றுவிடும். கயல்விழியின் தழும்புக்கு அது போதும். அதனால்தான் தீனதயாளனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது.

எலக்ட்ரான் நின்றுவிடும். அது வழியில் உதிர்ப்பது நிற்காது. இயந்திரத்தின் உலோகங்களிலும், பிறகு உடம்புக்குள்ளும், ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் எக்ஸ் கதிர் கிளம்பும். அது புஜத்தைத் தாண்டி, மார்பைத் தாண்டி, வயிறு வரை போகும். மிகச் சொற்பம். ஆனாலும் அது ஒரு குழந்தையின் மேல் போய்ச் சேரும்.

நோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமையில் அவளும் இயந்திரம் இயக்கும் சுதாகரும் அளக்கத் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி ஓர் உடம்பு செய்தார்கள். வயிற்றுக்குப் பலகை பொருந்தவில்லை. சுதாகர் கடைக்குப் போய் அரிசி மூட்டை வாங்கி வந்தான். சின்னச் சின்னப் பைகளில் கட்டி, ஐந்து மாத வயிறு, ஆறு மாத வயிறு, ஏழு மாத வயிறு என்று உயர்த்திக்கொண்டே போனார்கள். அரிசிக்குள் கருப்பை இருக்கும் இடத்தில் அளவுமானியைப் புதைத்தார்கள். பிள்ளை வளர வளர, தோளுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் தூரம் குறையும். அதனால் ஒரே ஓர் அளவு போதாது.

சுதாகர் ஈயத் தகடு ஒன்றைத் தூக்கிவந்து அரிசி வயிற்றின்மேல் வைக்கப்போனான்.

"அப்படியே வெக்காதே," என்றாள் தேவிப்பிரியா. "சிதறி வர்ற எலக்ட்ரான் நேரா ஈயத்துல அடிச்சா, அங்கயே புதுசா எக்ஸ் கதிர் கெளம்பும். கனமான அணுன்னா இன்னும் ஜாஸ்தி. முதல்ல பிளாஸ்டிக் இருக்கணும், எலக்ட்ரான் அதுல அடங்கட்டும். அதுக்குக் கீழ ஈயம்."

பிளாஸ்டிக்கும் ஈயமுமாக வைத்து அளந்தபோது எண் பாதிக்கும் கீழே இறங்கியது. சிகிச்சை முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால், மண்ணும் வானமும் எந்த மனுஷருக்கும் நாலைந்து வருஷத்தில் கொடுக்கிற அளவு. அதை அந்தக் குழந்தை ஆறு வாரத்தில் வாங்கும். ஊனம் வருவதற்கான அளவுக்கு வெகு கீழே. புற்றுநோய் வாய்ப்பு மட்டும் துளி கூடலாம். பூஜ்யம் இல்லை. எப்படி வைத்துப் பார்த்தும் பூஜ்யம் வரவில்லை.

தீனதயாளன் அந்த எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நல்லது. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிடலாம்."

"ஒண்ணும் போகாதுன்னு மட்டும் சொல்லாதீங்க சார்."

"பயந்துடுவாங்க தேவி."

"தெரியும் சார்."

"சரி. நீயே சொல்லு," என்றார்.

மறுநாள் காலை தம்பதி இருவரும் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். பங்காரு உயரமானவன். கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தான். தேவிப்பிரியா புஜத்தில் பாய்வது என்ன, அது எங்கே நிற்கும் என்றெல்லாம் சொன்னாள்.

"அது கையிலயே நின்னுடும்னா, புள்ளைக்கு இன்னா போவுது?" என்று பங்காரு கேட்டான்.

எத்தனையோ படித்தவர்களே கேட்காத கேள்வி அது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மலைக்கு ஏறும் பாதை தெரிந்தது.

"மலைக்குப் போற வண்டி வளைவுல வேகமா திரும்புதுன்னு வெச்சுக்கோங்க. மேல தேங்காய் மூட்டை. கட்டு தளந்து ஒண்ணு ரெண்டு காய் விழுந்துடுது. வண்டி கொஞ்ச தூரத்துல நின்னுடும். விழுந்த காய் நிக்காது, உருண்டுகினே கீழ போவும். அது மாதிரிதான். நின்னுடறது வேற, அதுலேந்து விழறது வேற."

"அந்தக் காய் எங்க புள்ள மேல படுமா?"

"கொஞ்சம் படும்."

கயல்விழியின் இடது கை வயிற்றின்மேல் இருந்தது.

"பட்டா?" என்றான் பங்காரு.

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆயிரம் புள்ளைங்கள்ல ரெண்டு பேருக்கு எப்படியும் சின்ன வயசுல இந்த மாதிரி நோய் வருது. இது பட்டா அந்த ரெண்டு மூணாகலாம். ஆகாமலும் இருக்கலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

பங்காரு எழுந்துவிட்டான். "வா," என்று பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான். கயல்விழி ஒரு கணம் தேவிப்பிரியாவைப் பார்த்தாள், பிறகு எழுந்து அவன் பின்னால் போனாள். சிகிச்சை தொடங்க வேண்டிய அடுத்த திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே கழிந்தது.

தீனதயாளன் குறை சொல்லவில்லை. "இன்னும் ஒரு மாசம் போனா கொடுத்தும் பிரயோஜனம் இருக்குமோ என்னமோ," என்று மட்டும் சொன்னார். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அம்மையார்குப்பம் போய் இறங்கினாள். இயற்பியலாளர் நோயாளியின் வீடு தேடிப் போவது வழக்கம் இல்லை. வழக்கம் இல்லை என்று தெரிந்துதான் போனாள்.

தெரு முழுக்கத் தறிச்சத்தம். பங்காருவின் ஷெட்டில் நாலும் ஓடிக்கொண்டிருந்தன. கயல்விழி அறுந்த இழை ஒன்றை இடது கையாலும் பல்லாலும் முடிந்துகொண்டிருந்தாள். வலது கை பக்கத்தில் தொங்கியது. தேவிப்பிரியாவைப் பார்த்ததும் பங்காரு மெயினை அணைத்தான். அந்தச் சத்தம் நின்றதும் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது போல இருந்தது.

"உங்க மேல கோவம் இல்லீங்க மேடம்," என்றான் அவன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. "புள்ள பொறக்கட்டும். அதுக்கப்புறம் எவ்ளோ வேணா குடுங்க. தெரிஞ்சே புள்ள மேல எப்படிங்க உட்றது?"

"நான் உங்களைக் கட்டாயப்படுத்த வரல. காத்திருந்தாலும் ஒரு ஆபத்து இருக்கு. அத நான் அன்னைக்குச் சரியா சொல்லாம விட்டுட்டேனோன்னு தோணிச்சு. புள்ளைக்கு இருக்கறது ஆயிரத்துல ஒண்ணு. காத்திருந்தா இவங்க கைக்கும் உசுருக்கும் இருக்கறது அப்படி இல்ல. டாக்டர் கணக்குல பாதிக்குப் பாதி."

பங்காரு ஷெட்டின் வாசலில் போய் நின்றுகொண்டான். கயல்விழிதான் பேசினாள். அவள் அதிகம் பேசி தேவிப்பிரியா கேட்டதே இல்லை.

"மொத தபா வெட்டும்போது ஒண்ணும் ஆவாதுன்னாங்க. ரெண்டாவது தபாவும் ஒண்ணும் ஆவாதுன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் படும்னு சொன்னீங்க. ராவெல்லாம் அதையே நெனச்சுகினு இருந்தேன். படும்னு மறைக்காம சொன்னவங்க, கொஞ்சந்தான் படும்னு சொன்னா அதுவும் நெசமாத்தான் இருக்கும்." அவள் புருஷன் முதுகைப் பார்த்துச் சொன்னாள், "பாவா. கை இல்லாம நான் புள்ளய எப்படித் தூக்குவேன்?"

அவன் திரும்பவில்லை.

"நான் இல்லாம நீ எப்படித் தூக்குவே?" என்று கேட்டாள்.

அவன் தோள்கள் குலுங்கின. தேவிப்பிரியா எழுந்து தெருவுக்கு வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பங்காரு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "வரோம்ங்க," என்றான்.

ஈயக் கவசத்தை வயிற்றின்மேல் வைக்க முடியாது. ஆள் பாரத்துக்கு மேல் இருக்கும். கட்டிலுக்கு மேலே, வயிற்றைத் தொடாமல், பாலம் போல ஒன்று நிற்க வேண்டும். அப்படி ஒன்று விலைக்குக் கிடைக்கவில்லை. கே.ஜி.கண்டிகையில் கிரில் பட்டறை வைத்திருந்த சேட்டு செய்து தருகிறேன் என்றார். எதற்கு என்று தேவிப்பிரியா சொன்னதும், கம்பியின் கனத்தை அவராகவே இரண்டு மடங்காக்கினார். சக்கரம் வைத்து, பூட்டு வைத்து, மூன்றே நாளில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஈயத் துண்டுகளை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் பலகையைப் பொருத்தி, பாலத்தைக் கட்டிலுக்கு மேல் தள்ளி நிறுத்தினார்கள். சுதாகர் அதன்மேல் கைகளை ஊன்றித் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. கயல்விழியை உள்ளே அழைத்து வரப் போனபோது பங்காரு, "இருங்க," என்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டு அவனே கட்டிலில் ஏறினான். பாலத்துக்கு அடியில் நகர்ந்து மல்லாந்து படுத்தான். ஈயம் அவன் வயிற்றுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அவன் அதை அண்ணாந்து பார்த்தபடி கிடந்தான். யாரும் அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை. சுதாகர் சொல்ல வாயெடுத்தபோது தேவிப்பிரியா தலையசைத்துத் தடுத்தாள். வெகுநேரம் கழித்து அவன் எழுந்து வந்து, "உறுதியாத்தான் இருக்குது. வரச் சொல்லுங்க," என்றான்.

மல்லாந்து படுப்பது கயல்விழிக்குச் சிரமமாக இருந்தது. வலது இடுப்புக்கு அடியில் தலையணை வைத்துச் சற்றே சாய்த்துப் படுக்கவைத்தார்கள். வயிற்றின் உச்சியில் படும் கதிரை அளந்து சொல்லும் ஒரு சின்னப் படிகத்தைத் தேவிப்பிரியா தன் கையாலேயே ஒட்டினாள். பிறகு எல்லோரும் வெளியே வந்தார்கள். கனத்த கதவு மூடியது. உள்ளே அவள் மட்டும், கேமராவில் தெரியும் சாம்பல் நிற உருவமாக.

"ஆரம்பிக்கப் போறோம் கயல். அசையாதீங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது."

"ஆங்," என்றது ஒலிபெருக்கி.

அப்படி ஒவ்வொரு நாளும் நடந்தது. ஆடிக் கிருத்திகை வந்தபோது காவடிக் கூட்டத்தில் ஊர்ச்சாலைகளையெல்லாம் மறித்துவிட்டார்கள். பஸ் வரவில்லை. பங்காரு அவளை டி.வி.எஸ்.ஸில் பின்னால் உட்காரவைத்து, வரப்பும் வண்டித்தடமுமாகச் சுற்றி, நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். இருவர் காலிலும் முழங்கால் வரை சேறு.

ஒருநாள் சிகிச்சை முடிந்து எழுந்தபோது கயல்விழி, "மிஷினு ஓடும்போதெல்லாம் உதைக்குது மேடம்," என்றாள்.

தேவிப்பிரியாவின் கண் முதலில் படிகத்தின் பக்கம் போனது. மறுகணமே புரிந்தது. "அது சத்தத்துக்கு. இந்த மாசத்துல காது கேக்க ஆரம்பிச்சுடும். கதிர் அதுக்குத் தெரியாது."

"தறி ஓட்டும்போது உதைக்கலியே?"

"தறிச்சத்தம் அதுக்குப் பழகிப்போச்சு."

கயல்விழி சிரித்தாள். தேவிப்பிரியாவும் சிரித்தாள். அன்றைக்குப் படிகத்தின் அளவை மட்டும் அவள் இரண்டு முறை பார்த்தாள்.

வயிறு உயர்ந்துகொண்டே வந்தது. பாலத்தை உயர்த்தினார்கள், ஈயத்தைத் தோள்பக்கம் நகர்த்தினார்கள், அளவுகளைத் திருத்தினார்கள். கடைசி நாளில் எல்லாப் படிகங்களும் சொன்னதைக் கூட்டியபோது, அரிசி வயிற்றில் அளந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது. அவள் அதைப் பங்காருவிடம் சொன்னாள். அவன் எண்ணைக் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனான்.

கார்த்திகையில் பெண் பிறந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பத்து விரல், பத்து விரல் என்று பங்காரு போனில் இரண்டு முறை சொன்னான். சௌமியா என்று பேர் வைத்தார்கள். தழும்பு ஆறி, தோல் கறுத்துத் தடித்தது. தோளுக்கு மேல் கை ஏறவில்லை. ஆனால் பிள்ளையைத் தூக்க அந்தக் கை போதுமானதாக இருந்தது. பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் கயல்விழி வேண்டுமென்றே வலது கையில் குழந்தையை ஏந்திக்கொண்டு நுழைவாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. மூன்றாவது வருஷத்தில் ஓர் இருமல் வந்து நிற்காமல் இருந்தது. படம் எடுத்தபோது நுரையீரல் இரண்டிலும் புள்ளி புள்ளியாக இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. எலக்ட்ரான்கள் பாய்ந்த இடத்தில் நோயின் சுவடே இல்லை. அது அதற்கு முன்பே எப்போதோ இரத்தத்தில் ஏறிப் போய்விட்டிருந்தது.

தேவிப்பிரியா தீனதயாளனின் அறைக்குப் போய், உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள். "அந்த ரெண்டு வாரம் தள்ளிப்போச்சே சார். அதனாலயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு முன்னாலயே போயிருக்கும்னுதான் நெனக்கறேன்."

"நெனக்கறீங்களா, தெரியுமா?"

"நெனக்கறேன் தேவி. தெரியாது."

அவர் பொய் சொல்லாததற்காக அவள் நன்றியோடு இருந்தாள். ஆனால் அந்த நன்றி அவளைத் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். சொல்லாமல் இருந்திருக்க முடியுமா என்று தன்னையே கேட்டால், முடியாது என்றுதான் பதில் வந்தது. இரண்டும் அவளோடேயே இருந்தன. எதையும் எதைக்கொண்டும் கழிக்க முடியவில்லை.

கயல்விழி மருந்து எடுத்துக்கொண்டாள், முடி கொட்டியது, இளைத்தாள். கடைசியில் மருந்து வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஒரு பிற்பகல் தேவிப்பிரியா வார்டுக்குப் போனபோது அவள் பேசச் சிரமப்பட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"மேடம், நான் ரெண்டு வருஷம் தூக்கினேன்," என்றாள்.

"ஆமாம் கயல்."

"அது போதும்னு சொல்ல மாட்டேன். போதாது." அவள் மூச்சு வாங்கினாள். "ஆனா தூக்கினேன்."

மழைக்காலம் தொடங்கும் முன்பே அவள் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் பங்குனியில் பங்காரு போன் செய்தான். சௌமியாவுக்கு மலைமேல் முடி இறக்கப்போவதாகவும், கயல்விழி வேண்டிக்கொண்டது அது, உயிரோடு இருந்தபோது செய்ய முடியாமல் தள்ளிப்போய்விட்டது, மேடம் வந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னான். தேவிப்பிரியா காலையிலேயே போனாள். முடி இறக்கும் மண்டபத்தில் அப்பன் மடியில் உட்கார்ந்து அந்தப் பெண் வீறிட்டு அழுதாள். கத்தி நெற்றியிலிருந்து உச்சிக்கு ஏற, சுருட்டை முடி அப்பனின் வேட்டியில் விழுந்தது. சந்தனம் பூசியதும் அழுகை நின்று, தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தரிசனம் முடிந்து, பிரகாரத்தை ஒட்டிய நிழலில் உட்கார்ந்தார்கள். பங்காருவின் மீசையில் நரை விழுந்திருந்தது. குழந்தை தூரத்தில் ஒரு குரங்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுகினு இருக்கேன் மேடம்," என்றான் அவன். "அன்னிக்கு புள்ள மேல பட்டுச்சே. அது இன்னும் அவளுக்குள்ள இருக்குதா?"

"இல்லீங்க. அது ஒளி மாதிரி. உள்ள தங்காது. வந்த அந்தக் கணமே போயிடுச்சு."

"அது செஞ்சது?"

"ஒண்ணும் செய்யாம போயிருக்கணும். அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஏதாவது செஞ்சிருந்தா, அது எங்க இருக்குன்னு எந்த மிஷினாலயும் இப்ப பார்க்க முடியாது. வருஷா வருஷம் டாக்டர்கிட்ட காட்டுங்க. காய்ச்சல் நாள்பட்டு விடாம இருந்தா, காரணமில்லாம வெளுத்துப்போனா, தள்ளிப்போடாம கூட்டிட்டு வாங்க. மத்தபடி எல்லாப் புள்ளைங்க மாதிரியே ஓடட்டும்."

"ஆங்," என்றான் பங்காரு. "எங்க நைனா திட்டுவாரு. ஏன்டா அதையே கேட்டுகினு இருக்கே, மறந்துடுன்னு. மறக்கறதுக்கு இன்னா இருக்கு. ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் செஞ்சோம். அவளும் நானும்."

குரங்கு மதிலில் தாவி மறைந்தது. சௌமியா ஓடிவந்து தேவிப்பிரியாவின் முன்னால் நின்று, அவள் தோள்பையின் பளபளக்கும் கொக்கியைத் திறந்து மூடிப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்த தலை வெயிலில் மஞ்சளாக இருந்தது.

"கீழ எறங்கலாமா நைனா? காலு சுடுது," என்றாள்.

பங்காரு குனிந்து அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். படிக்கட்டு வரை மூவரும் சேர்ந்து நடந்தார்கள். அவர்கள் படியிறங்கிப் போனார்கள். மதியம் இரண்டு நோயாளிகளுக்கு அளவு சரிபார்க்க வேண்டியிருந்தது. தேவிப்பிரியா கீழே போகும் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.